அரிசி மூட்டை இருந்த இடத்தில் கட்டில்

ஆலப்புழை ஹவுஸ்போட்டில் நீங்கள் படுத்துத் தூங்கும் அறை இருக்கிறதே, அது உண்மையில் என்ன தெரியுமா? கோடவுன்!

ஏசி, கண்ணாடி ஜன்னல், பாத்ரூம், டி.வி. எல்லாவற்றையும் மனதுக்குள் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பது ஒரு சரக்குப் படகு. குட்டநாட்டு நெல்லையும் தேங்காயையும் கயிற்றையும் கொச்சிக்கு ஏற்றிப்போய், திரும்பும்போது கடைச் சாமான் ஏற்றி வந்த படகு. பெயர், கெட்டுவள்ளம். கட்டப்பட்ட வள்ளம் என்று அர்த்தம். ஆஞ்சிலி மரப் பலகைகளை வரிசையாக வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துவிடுவார்கள். (நம் குமரி மாவட்டத்தில் இதே மரத்தை அயனி என்பார்கள்.) ஒரு ஆணி கிடையாது. ஆணி அடித்தால் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும். கயிறு என்றால், பலகை கெட்டுப்போகும்போது தையலைப் பிரித்து அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மேலே முந்திரிக் கொட்டைத் தோலைக் காய்ச்சி எடுத்த கருப்புப் பூச்சு. தலைக்கு மேல் மூங்கிலும் ஓலையும். தீர்ந்தது.

இந்தத் தையல் படகு ரகம் இந்துமகா சமுத்திரம் முழுக்கப் பழசு. 13-ம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ, ஹோர்முஸ் துறைமுகத்தில் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த கப்பல்களைப் பார்த்துவிட்டு, இதில் ஏறுவதெல்லாம் ஆபத்து என்கிற ரீதியில் முகம் சுளித்து எழுதியிருக்கிறார். அவர் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். அதற்கு எழுநூறு வருடம் கழித்தும் அதே தையல்தான் கேரளத்தில் அரிசி சுமந்துகொண்டிருந்தது.

இப்போது அந்தப் படகில் ஏறுகிறவர்கள் ‘மெதுவாகப் போக வேண்டும்’ என்பதற்காகவே ஏறுகிறார்கள். சென்னை சென்ட்ரலில் ராத்திரி ரயில் பிடித்து, மறுநாள் ஆலப்புழையில் இறங்கி, படகில் உட்கார்ந்துவிட்டால் அவசரம் என்கிற வார்த்தையே மறந்துபோகும் என்று விளம்பரம் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் அவசரமாகப் போக வேண்டியவன்தான் படகில் ஏறினான்.

எப்படி என்று சொல்கிறேன்.

கேரளத்தின் வரைபடத்தை ஒரு தரம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கிழக்கே மலை. மேற்கே கடல். நடுவில் ஒல்லியாக ஒரு நிலம். மலையிலிருந்து இறங்கும் ஆறெல்லாம் நேராகக் கடலுக்குப் போகாமல், கரையோர மணல் திட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கிறது. அதுதான் காயல். காயல்பட்டினத்தில் வருகிற அதே காயல். பழைய தமிழில் இதற்கு இன்னொரு பெயர், கழி. இவற்றில் பெரியது வேம்பநாட்டுக் காயல். வடக்கு தெற்காக சுமார் 96 கிலோமீட்டர். இப்படித் தெற்கிலிருந்து வடக்கே தண்ணீர் தானாகவே ஒரு ஹைவே போட்டு வைத்திருக்கிறது. தரை வழியாகப் போனால்? ஆறு, அப்புறம் இன்னொரு ஆறு, அப்புறம் ஒரு ஓடை. ஒவ்வொன்றிலும் இறங்கி, தோணிக்குக் காத்திருந்து, ஏறி, மறுபடி இறங்கி... பாலம் என்ற வஸ்து வரும்வரை இதுதான் கதி.

பி.காமில் காஸ்ட் அக்கவுண்டிங் படித்த புத்தி சும்மா இருக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல கெட்டுவள்ளம் ஒன்று முப்பது டன் வரை சுமக்கும். மாட்டு வண்டி ஒன்று, ரோடு நன்றாக இருந்தால், மிஞ்சிப்போனால் ஒரு டன். அப்படியானால் ஒரு வள்ளத்துக்கு ஈடாக முப்பது வண்டி, அறுபது மாடு, முப்பது வண்டிக்காரர்கள். வள்ளத்துக்கு எத்தனை பேர்? மூன்று பேர் போதும். காற்று அனுகூலமாக இருந்தால் பாய். இல்லாவிட்டால் நீளமான மூங்கில் கழியைத் தரையில் ஊன்றி, தோளைக் கொடுத்து, படகின் ஓரத்தில் முன்னும் பின்னும் நடந்து தள்ள வேண்டும். கழியில் கழி ஊன்றிப் போகிற வேலை. மாடு ஓய்வெடுக்கும்போதும் வைக்கோல் தின்னும். கழி தின்னாது. இந்த லாபக் கணக்கை மிஞ்ச லாரி வந்தாக வேண்டியிருந்தது.

இது ஏதோ நூறு, இருநூறு வருடத்து ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். புறநானூற்றில் பரணர் பாடிய ஒரு பாட்டில் முசிறி வருகிறது. பெரிய கப்பல் வெளியே நின்றுவிடுகிறது. அது கொண்டுவந்த பொன்னைக் கரை சேர்ப்பது கழியில் ஓடும் தோணி. அந்த முசிறியாக இருக்கலாம் என்று பலர் கருதும் பட்டணம் என்ற ஊரில் 2007-ல் தோண்டியபோது, படகுத்துறைக்குப் பக்கத்தில் சுமார் ஆறு மீட்டர் நீளத்தில் ஒரு மரத் தோணி கிடைத்தது. வயது ஏறத்தாழ 2,000 வருடம். பரணர் ஒன்றும் கற்பனை பண்ணவில்லை!

திருவிதாங்கூர் ராஜாங்கத்துக்கு இந்தத் தண்ணீர் ஹைவேயின் அருமை நன்றாகவே தெரிந்திருந்தது. 18-ம் நூற்றாண்டில் ராஜா கேசவதாஸ் ஆலப்புழையைத் துறைமுகமாக்கினார். கடலுக்கும் காயலுக்கும் நடுவே வாய்க்கால்கள் வெட்டி, உள்நாட்டுச் சரக்கு படகிலேயே கிடங்கு வாசலுக்கு வந்து இறங்கும்படி செய்தார்கள். 1859-ல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே கயிற்றுப்பாய் நெய்யும் தொழிற்சாலை ஆரம்பித்தார். ஊர் கொழுத்தது. கர்சன் பிரபு இதைக் ‘கிழக்கின் வெனிஸ்’ என்றாராம். என்னைக் கேட்டால் இந்த ஒப்பீடே கொஞ்சம் அநியாயம். வெனிஸில் யார் நெல் விளைவிக்கிறார்கள்?

தெற்கே ஒரே ஒரு முட்டுக்கட்டை இருந்தது. வர்க்கலைக் குன்று. திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே 1820-களில் பார்வதி புத்தனார் என்று ஒரு கால்வாய் வெட்டியாகிவிட்டது. கொல்லத்திலிருந்து தெற்கேயும் தண்ணீர் வழி இருந்தது. நடுவே குன்று வழிமறித்தது. இறங்கி, சாமானைச் சுமந்து, மேட்டைத் தாண்டி, மறுபக்கம் வேறு படகு. ‘குடைந்துவிடலாம்’ என்று முடிவானது திவான் சர் டி. மாதவ ராவ் காலத்தில். கும்பகோணத்தில் பிறந்த மராத்தியர் அவர். 1860-களில் ஆரம்பித்த வேலை 1880 வாக்கில்தான் முடிந்தது. மலையைக் குடைந்து இரண்டு சுரங்கங்கள். பெரியது எழுநூறு மீட்டருக்கு மேல். அதற்குள்ளே படகு போகும். ரயிலுக்குச் சுரங்கம் வெட்டிப் பார்த்திருப்பீர்கள். படகுக்கு வெட்டிய ஊர் அது. அப்புறம்தான் தலைநகரத்திலிருந்து வடக்கே ஷொரணூர் பக்கம் வரை தண்ணீரிலேயே போகும் வழி ஒழுங்காக ஒட்டிக்கொண்டது.

இந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தது ரயில்.

வடக்கே கொச்சி சமஸ்தானம் முந்திக்கொண்டது. ஷொரணூரிலிருந்து எர்ணாகுளம் வரை 1902-ல் பாதை போட்டுவிட்டார்கள். பணத்துக்கு என்ன செய்தார் ராஜா ராமவர்மா? திருப்பூணித்துறைக் கோயில் யானைகளுக்குக் கட்டும் பதினைந்து தங்க நெற்றிப்பட்டங்களில் பதினான்கை விற்றார் என்று கொச்சியில் இன்றைக்கும் கதை சொல்வார்கள். தெற்கே 1904-ல் நம் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு மீட்டர் கேஜ் ரயில். (செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். 1956 நவம்பரில்தான் நம்மோடு சேர்ந்தது.) ஆரியங்காவுச் சுரங்கத்தையும் கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தையும் தாண்டி, மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் பாதை. 2010-ல் மீட்டர் கேஜை நிறுத்தி, அகலப் பாதையாக்கி, 2018-ல் திரும்ப முழுசாகத் திறந்தார்கள். மழை பெய்து ஓய்ந்த பகல் நேரமாகப் பார்த்து ஒரு தரம் போய்வாருங்கள்.

இப்போது கவனியுங்கள். வடக்கே எர்ணாகுளத்தோடு தண்டவாளம் முடிந்தது. தெற்கே கொல்லத்தோடு முடிந்தது. (கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918-ல்தான் ரயில் நீண்டது.) இரண்டுக்கும் நடுவே கோட்டயம், ஆலப்புழை, வைக்கம், சங்ஙனாச்சேரி எல்லாம் இருக்கின்றன. ஜனம் நெருக்கியடித்து வாழ்கிற பிரதேசம். அங்கே ரயில் எப்போது போனது? எர்ணாகுளம் - கோட்டயம் 1956. கோட்டயம் - கொல்லம் 1958. ஆக அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தப் பக்கத்துப் பயணம் என்றால், ரயில் பாதி படகு பாதி. கொல்லம் ஸ்டேஷனில் இறங்கு, படகுத்துறைக்குப் போ, ராத்திரி படகைப் பிடி, விடிந்தால் ஆலப்புழை. இன்றைக்குப் பேக்கேஜாகக் காசு கொடுத்து வாங்குகிற அதே ‘ரயிலும் படகும்’தான். அன்றைக்கு அதில் போனவர்கள் வக்கீல்கள், குமாஸ்தாக்கள், கொப்பரை வியாபாரிகள், பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண்கள்.

நெரிசல் படகு எவ்வளவு ஆபத்து என்பதற்கும் இந்த வழியே சாட்சி. 1924 ஜனவரியில் திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலில் முறைஜபம் முடிந்து கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குக் கிளம்பிய ‘ரிடீமர்’ என்ற படகில் அளவுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். 16-ம் தேதி, பல்லனை என்ற இடத்தில் கவிழ்ந்தது. இறந்தவர்களில் ஒருவர் மகாகவி குமாரன் ஆசான். நாராயண குருவின் சீடர், மலையாளக் கவிதையின் போக்கையே திருப்பியவர். வயது ஐம்பது. ரிடீமர் என்றால் இரட்சகர். பெயர் வைத்தவர் என்ன நினைத்து வைத்தாரோ...

அதே வருடம் மார்ச் மாதம் 30-ம் தேதி வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ‘தீண்டத்தகாதவர்கள்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் நடக்கும் உரிமைக்கான போராட்டம். தலைவர்கள் வரிசையாகக் கைதானதும் ஏப்ரலில் ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சேர்ந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் அவரை அடைத்து வைத்த அருவிக்குட்டி, காயலோரத்து ஊர். மறுவருடம் மார்ச்சில் காந்தி வந்தார். எப்படி வந்தார்? எர்ணாகுளம் வரை ரயில். அப்புறம் படகு. மார்ச் 9-ம் தேதி வைக்கம் படகுத்துறையில் இறங்கினார். வேறு எப்படி வர முடியும்? வாசல் அதுதானே!

காந்தி இறங்கிய அந்த ஊரிலிருந்து எதிர்க்கரை தவணக்கடவுக்கு இன்றும் அரசுப் படகு ஓடுகிறது. சுமார் இரண்டரை கிலோமீட்டர். 2017 ஜனவரியில் அங்கே ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகை விட்டார்கள். 75 பேர் போகலாம். இந்தியாவின் முதல் சோலார் பயணிகள் படகு. வைக்கத்துக்கு, 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்த பெரியார் நினைவகத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இதிலும் ஒரு நடை போய்வரலாம்.

பிரதம மந்திரிகூட இப்படித்தான் போனார். 1952-ல் நேரு கோட்டயத்திலிருந்து ஆலப்புழைக்குப் படகில் வந்தார். அவரை வரவேற்க சுண்டன் வள்ளங்களின் போட்டி நடந்தது. உற்சாகம் தாங்காமல் ஜெயித்த வள்ளத்திலேயே தாவி ஏறிவிட்டார். டெல்லி போய் ஒரு வெள்ளிக் கோப்பையும் அனுப்பினார். நேரு டிராஃபி பிறந்த கதை இது. பாதுகாப்பு அதிகாரிகளின் ரத்த அழுத்தம் பற்றிக் குறிப்பில்லை.

அப்புறம் சரிவு. முதல் அடி, துறைமுகம். ராபர்ட் பிரிஸ்டோ கொச்சியின் முகத்துவாரத்தை ஆழப்படுத்த, 1928-ல் பெரிய கப்பல் உள்ளே வந்துவிட்டது. ஆலப்புழைத் துறைமுகம் படுக்க ஆரம்பித்தது. ஆனாலும் அதனால் வள்ளம் சாகவில்லை. கொச்சிக்குச் சரக்கு போய்த்தானே ஆக வேண்டும்? அதைக் கொன்றது பாலம். ஒவ்வொரு ஆற்றிலும் ஒரு பாலம் வர வர, லாரி ஒரு ஆறு முன்னேறியது. மூன்று நாள் ஆகிற சரக்கை ஒரே நாளில் கொண்டுபோய்ப் போட்டது. கழி ஊன்றிய தோள்களுக்கு வேலை குறைந்தது. 1989-ல் எர்ணாகுளம் - ஆலப்புழை ரயில். 1992-ல் அது காயங்குளம் வரை நீண்டது. அந்த நேரத்தில் கெட்டுவள்ளங்கள் பல, கரையில் கிடந்து மக்கிக்கொண்டிருந்தன. தைக்கத் தெரிந்த ஆசாரிகள் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான், 1990-களின் ஆரம்பத்தில், ‘டூர் இந்தியா’ என்ற நிறுவனத்தை நடத்திய பாபு வர்கீஸுக்கு ஒரு யோசனை. அரிசி மூட்டை வைத்த இடத்தில் கட்டில் போட்டால் என்ன? போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஓலைக்கூரை அப்படியே இருந்தது. முதலில் கழிதான். அப்புறம் எஞ்சின் வந்தது. அப்புறம் இரண்டாவது மாடி. கவனித்தீர்களா? எந்த ரயில் சரக்குப் படகுக்குக் கடைசி ஆணி அடித்ததோ, அதே ரயில்தான் இப்போது ஹவுஸ்போட்டுக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறது. செத்த தொழில் ஒன்று உயிர்பிழைத்தது, தைக்கிறவர்களுக்கும் வேலை கிடைத்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் முப்பது டன் அரிசி டாய்லெட் போகாது. டீசல் எரிக்காது. நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே காயலில் தங்கினால் கழிவு எங்கே போகும்? கழிவை உறிஞ்சி எடுக்க நிலையம், படகில் தொட்டி என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. நிறைய கழிவு காயலுக்குத்தான் போகிறது என்ற புகாரும் கூடவே இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் கரையோரப் பெண்கள் பாத்திரம் கழுவுகிறார்கள், துணி துவைக்கிறார்கள். உங்கள் படகின் ஜன்னல் வழியே தெரிகிற ‘அழகான காட்சி’ அவர்களுடைய வீட்டுப் புழக்கடை.

பழி எல்லாவற்றையும் டூரிஸ்ட் தலையில் போடுவதும் நியாயமில்லை. குட்டநாடு என்பதே காயலை அணை கட்டித் தடுத்து, தண்ணீரை இறைத்து எடுத்த நிலம். கடல் மட்டத்துக்குக் கீழே நெல். 1940-களில், உலக யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோய் திருவிதாங்கூர் பட்டினியில் தவித்தபோது, ஜோசப் முரிக்கன் என்ற விவசாயி சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று மூன்று காயல் துண்டுகளை வயலாக்கினார். பெயர் அவருக்கு. தண்ணீருக்குள் முங்கிச் சேறு அள்ளி வரப்புக் கட்டியவர்கள், பெரும்பாலும் புலையர் சமூகத்துக் கூலியாட்கள். உப்புத் தண்ணீர் வயலுக்குள் வராமல் தடுக்க 1976-ல் தண்ணீர்முக்கம் தடுப்பணை செயலுக்கு வந்தது. கோடையில் மதகை மூடுவார்கள். நெல்லுக்கு லாபம். ஆனால் உப்பும் இனிப்பும் கலந்தால்தான் இறாலும் கக்கையும் பிழைக்கும். அலை வந்து அலசிப்போக வழியில்லாமல் தண்ணீர் நிற்கிறது. ஆகாயத்தாமரை மூடிக்கொள்கிறது. விவசாயி மதகை மூடு என்கிறார். மீனவர் திற என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருப்பதுதான் சிக்கல்.

சாயந்திரம் ஐந்தரை, ஆறு மணிக்கு மேல் ஹவுஸ்போட்டைக் கரையில் கட்டிவிடுவார்கள், கவனித்திருப்பீர்கள். ‘என்னப்பா, நிலா வெளிச்சத்தில் ஒரு ரவுண்டு போகக்கூடாதா?’ என்று சிலர் படகுக்காரரோடு சண்டை போடுவதுண்டு. ராத்திரி அங்கே வலை விரித்திருப்பார்கள். புரொப்பெல்லர் பட்டால் ஒரு குடும்பத்தின் முதல் போச்சு.

காயலை நம்பி இருப்பவர்களின் பயணம் எப்படிப்பட்டது என்பதற்கு இன்னொரு தேதி உண்டு. 2002 ஜூலை 27. முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு வந்த அரசுப் படகு விடிகாலையில் மூழ்கியது. 29 பேர் போனார்கள். அதில் பலர் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதக் கோட்டயம் கிளம்பியவர்கள். பல்லனைக்கும் இதற்கும் இடையில் 78 வருடம். மறுபடியும் அதே காரணம் பேசப்பட்டது. அளவுக்கு மேல் ஆட்கள்.

அடுத்த முறை ஆலப்புழை போனால், ஹவுஸ்போட்டில் ஒரு நாள் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் கோட்டயத்துக்கு அரசுப் படகில் ஏறுங்கள். ஒரு டீ, பஜ்ஜி செலவுதான் டிக்கெட். வழியில் ஒவ்வொரு துறையிலும் யூனிஃபார்ம் பிள்ளைகளும், மார்க்கெட் பையோடு பெரியவர்களும் ஏறி இறங்குவார்கள். உங்கள் சன்னலோரத்தைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. ஏற்கெனவே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற குட்டநாடு முழுகியது. ஆலப்புழையிலிருந்து சங்ஙனாச்சேரிக்குப் போகும் சாலையும் தண்ணீருக்குள். அதைச் சுருக்கி ஏ.சி. ரோடு என்பார்கள். லாரி, பஸ் எதுவும் நகரவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனத்தை வெளியேற்ற வேண்டும். மாவட்ட நிர்வாகம் அரசுப் படகுகளோடு ஹவுஸ்போட்டுகளையும் கொண்டுவரச் சொன்னது. தர மறுத்த சில உரிமையாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டியிருந்தது. மற்றவர்கள் கொடுத்தார்கள். கட்டிலும் ஏசியும் வைத்த படகுகள் தோப்புக்கும் வயலுக்கும் நடுவே நுழைந்து, கூரையளவு தண்ணீரில் நின்ற வீடுகளிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஆலப்புழைக்கும் சங்ஙனாச்சேரிக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பின.